அறிவியல் புனைகதையும் த்ரில்லரும்: படித்தபின் எழும் கேள்விகள், பதில்கள்

இரண்டு வகையையும் விரும்பிப் படிப்பவர்கள், படித்ததைப் பற்றி ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்பதற்கு மேல் நாலு வரி சொல்ல நினைப்பவர்கள், இவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இங்கே. எந்த நாவலின் முடிவையும் உடைக்கவில்லை. தொடக்கப் பகுதிகளிலிருந்தும் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களிலிருந்தும் மட்டுமே உதாரணங்கள் எடுத்திருக்கிறோம்.

அறிவியல் புனைகதையையும் த்ரில்லரையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

கூடாது. அறிவியல் புனைகதை நம் உலகத்தில் ஏதோ ஒன்றை மாற்றிவிட்டு, மற்றதெல்லாம் அதனால் என்ன ஆகிறது என்று பார்க்கிறது. எதை மாற்றினார்கள், அந்த மாற்றத்தின் பின்விளைவைக் கடைசிவரை துரத்திப் போனார்களா என்பதுதான் அதனிடம் கேட்கவேண்டிய கேள்வி. த்ரில்லர் உலகத்தில் கைவைக்காது, தகவலைத்தான் கூறுபோடும். கொலையாளிக்குத் தெரிந்தது போலீசுக்குத் தெரியாது, போலீசுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. சில சமயம் நமக்குத் தெரிந்தது கதாநாயகிக்குத் தெரியாது. யாருக்கு எது எப்போது தெரியவந்தது, அது நியாயமான வழியில் தெரியவந்ததா என்று அதனிடம் கேட்கவேண்டும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ஆசிரியர் தானே போட்ட விதியைப் பாதியில் மாற்றக்கூடாது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கும்.

அறிவியல் தவறு கண்ணில் பட்டுவிட்டது. நாவல் தேறாது என்று எழுதிவிடலாமா?

தவறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கதையைத் தொடங்கிவைக்கும் தவறு வேறு, கதையை முடித்துவைக்கும் தவறு வேறு.

ஆண்டி வெய்யரின் ‘தி மார்ஷியன்’ செவ்வாயில் அடிக்கும் பெரும்புயலோடு தொடங்குகிறது. புயலில் ஏவுகலம் சாய்ந்துவிடும் நிலை வர, குழு கிளம்பிவிடுகிறது. ஒருவர் மட்டும் பின்தங்கிவிடுகிறார். உண்மையில் செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. காற்றின் அடர்த்தி ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அங்கே மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, இங்கே மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று தள்ளும் அளவுக்குத்தான் தள்ளும். அதில் சட்டைக்காலர் படபடக்கலாம், ஏவுகலம் சாயாது. இது தெரிந்தே செய்தது என்று ஆசிரியரே பொதுவில் சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் நாவல் கெடவில்லை. அந்தத் தவறு ஆளைச் சிக்கலில் மாட்டிவிடுகிறதே தவிர, சிக்கலிலிருந்து காப்பாற்றுவதில்லை. மாட்டியபின் ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனைப் பிரித்துத் தண்ணீர் தயாரிப்பது, உருளைக்கிழங்குக்குக் கலோரிக் கணக்குப் போடுவது எல்லாம் விதிக்குள் நின்று நடக்கின்றன. அதே பொய்ப்புயல் கடைசி அத்தியாயத்தில் வந்து அவரைத் தூக்கிக் காப்பாற்றியிருந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.

அதே நூலில் இன்னொரு ஓட்டை பலர் கண்ணில் படுவதில்லை. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டறிந்தது. தைராய்டைப் பாதிக்கும் உப்பு அது. நாவலில் அந்தப் பேச்சே இல்லை. நீரில் கரையக்கூடியது என்பதால் மண்ணை அலசி வெளியேற்றலாம். இன்னும் ஒரு நல்ல அத்தியாயத்துக்கு இடம் இருந்தது. இந்த மாதிரி குறையைக் கருத்தில் எழுதும்போது ‘தவறு’ என்பதைவிட ‘தவறவிட்ட வாய்ப்பு’ என்று எழுதுவது பொருத்தம்.

இயற்பியல் படிக்காதவர் இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

நாலைந்து எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் விண்வெளி நாவல்களில் பாதியைச் சோதித்துவிடலாம்.

முதலில் பேச்சுத் தாமதம். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ரேடியோ செய்தி போக, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதில் வர இன்னொரு அவ்வளவு. வியாழனுக்கு ஒருவழியே அரைமணி நேரத்துக்கு மேல். செவ்வாயில் இருப்பவர் பூமியோடு கேள்விக்குக் கேள்வி சண்டை போட்டால், ஒளியைவிட வேகமான தொடர்புக்கு ஆசிரியர் முன்பே ஒரு ஏற்பாடு சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் காதில் பூ.

அடுத்தது சுழற்சியால் வரும் எடை. மையத்திலிருந்து 224 மீட்டர் ஆரம் உள்ள நிலையம் நிமிடத்துக்கு 2 முறை சுற்றினால் உள்ளே பூமி அளவு எடை கிடைக்கும். ஆரம் 10 மீட்டர்தான் என்றால் நிமிடத்துக்கு 9 முறைக்கு மேல் சுற்ற வேண்டும். அதில் தலையைத் திருப்பினாலே குமட்டும். சின்னக் கப்பலைச் சுழலவிட்டு, உள்ளே ஆட்கள் நிம்மதியாகக் காபி குடிப்பதாக எழுதினால் ஆசிரியர் கணக்குப் போடவில்லை என்று பொருள்.

மூன்றாவது வேகம். பூமியின் ஈர்ப்பு அளவுக்குத் தொடர்ந்து முடுக்கிக்கொண்டே போனால், கப்பலின் கடிகாரப்படி ஓராண்டில் ஒளிவேகத்தில் முக்கால் பங்கைத் தொட்டுவிடலாம். எரிபொருள் எங்கிருந்து வரும் என்பதுதான் நிஜமான சிக்கல். வெய்யரின் இன்னொரு நாவலான ‘ப்ராஜெக்ட் ஹெயில் மேரி’ (2021) தன் முழுப் பொய்யையும் அந்த எரிபொருளில் வைத்துவிட்டு, மற்ற கணக்கை ஒழுங்காகப் போடுகிறது. பூமி ஈர்ப்பைப்போல் ஒன்றரை மடங்கு முடுக்கத்தில், சுமார் 12 ஒளியாண்டு தூரத்து டௌ செட்டி நட்சத்திரத்துக்குப் போக, கப்பலில் இருப்பவருக்கு 4 ஆண்டுக்குள் முடிகிறது. பூமியில் 13 ஆண்டு ஓடிவிடுகிறது. கணிப்பான் எடுத்துத் தட்டிப் பார்த்தாலும் அப்படித்தான் வரும். ஒரே ஒரு பெரிய பொய்யைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மற்ற இடமெல்லாம் நேர்மையாக இருப்பது அறிவியல் புனைகதையின் நல்ல பழக்கம்.

த்ரில்லரிலும் இப்படிச் சோதிக்க ஏதாவது இருக்கிறதா?

ஏராளம். தவறுகள் எல்லாம் அரைத்த மாவுதான்.

சைலன்சர் மாட்டிய துப்பாக்கி ‘டுப்’ என்று மெல்ல ஒலிப்பதாக எழுதுவார்கள். துப்பாக்கி வெடிச்சத்தம் 140 முதல் 165 டெசிபல் வரை போகும். சைலன்சர் குறைப்பது 20 முதல் 35 டெசிபல். மிச்சமிருக்கும் சத்தம் பக்கத்து அறைக்காரரை எழுப்பப் போதும். குளோரோஃபார்ம் கைக்குட்டையை மூக்கில் வைத்த மூன்றாவது நொடியில் ஆள் சாய்வதும் கட்டுக்கதை. அதற்குச் சில நிமிடங்கள் விடாமல் முகர வேண்டும். தலையில் அடிபட்டு ஒருமணி நேரம் நினைவிழந்தவர் எழுந்து சுவரேறிக் குதிப்பது இன்னும் மோசம். அவ்வளவு நேரம் நினைவு திரும்பாவிட்டால் அது லேசான அடி இல்லை, மூளைக்காயம். அவர் போகவேண்டிய இடம் மருத்துவமனை.

‘இன்னும் முப்பது நொடி பேச்சை இழு, எங்கிருந்து பேசுகிறான் என்று கண்டுபிடித்துவிடலாம்’ என்ற வசனம் பழைய தொலைபேசி நிலையங்களின் காலத்தது. இப்போது அழைப்பு இணைந்த நொடியிலேயே எண் பதிவாகிவிடும். எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தது, அந்தத் தகவலை யாரிடம் எந்த அனுமதியோடு வாங்குவது என்பதில்தான் தாமதம். இதைத் தெரிந்து எழுதுபவர் அந்தத் தாமதத்தையே பதற்றமாக மாற்றிக்கொள்கிறார். தெரியாதவர் முப்பது நொடியிலேயே நிற்கிறார்.

இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் கண்டுகொள்ளாமல் போகலாம். கொலைப்புதிர் முழுக்க அந்தக் கைக்குட்டையை நம்பி நின்றால் மட்டும் கருத்தில் குறிப்பிடுங்கள்.

‘மூன்று உடல் சிக்கல்’ நாவலில் நூறு பக்கம் தாண்ட முடியவில்லை. என்ன செய்வது?

லியூ சிக்சினின் ‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’ பற்றி அதிகம் வரும் புகார் இது. மூன்று காரணங்கள் இருக்கலாம்.

நூலின் தொடக்கம் சீனக் கலாச்சாரப் புரட்சியில் நடக்கிறது. அறிவியல் எதிர்பார்த்துப் போனவருக்கு அரசியல் வதை கிடைக்கிறது. சீனத்தில் 2008இல் புத்தகமாக வந்தபோது இந்தப் பகுதி நடுவில்தான் வைக்கப்பட்டிருந்தது. கென் லியூவின் 2014 ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியர் முதலில் நினைத்தபடியே அதை முன்னால் கொண்டுவந்தது. அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு பாத்திரம் பின்னால் எடுக்கும் பயங்கரமான முடிவுக்கு முழுக்காரணமும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

பெயர்கள் இன்னொரு தடை. சீனத்தில் குடும்பப்பெயர் முன்னால் வரும். முன்னட்டையின் உள்பக்கத்தில் ஐந்து பெயரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் வேலையும் எழுதி வைத்தால் போதும். ஐந்துக்கு மேல் தேவைப்படாது.

மூன்றாவதுதான் உண்மையான குறை. பாத்திரங்கள் மெலிவு. துப்பறியும் காவல் அதிகாரி ஒருவரைத் தவிர மற்றவர்கள் யோசனைகளைச் சுமந்து வரும் ஆட்கள்தான். இதை எதிர்பார்த்தே உள்ளே போனால் ஏமாற்றம் குறையும். மூன்று பாகங்களில் இரண்டாவதுதான் கட்டுமானத்தில் வலுவானது என்பது எங்கள் தரப்பு. முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டு தீர்ப்புச் சொல்பவர்கள், அடித்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டைக் குறைசொல்கிறார்கள்.

இயற்பியல் பக்கம் ஒரு சேதி: மூன்று பொருட்கள் ஒன்றையொன்று இழுக்கும்போது அவற்றின் பாதையை எல்லாக் காலத்துக்கும் சொல்லும் பொதுச் சூத்திரம் இல்லை என்பது உண்மை. ஆனால் நாவலில் வரும் ஆல்ஃபா செந்தாரி என்ற மூன்று நட்சத்திரக் கூட்டம் நிஜத்தில் அவ்வளவு தாறுமாறாக ஆடுவதில்லை. இரண்டு நட்சத்திரங்கள் சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று ஒழுங்காகச் சுற்றுகின்றன. மூன்றாவதான பிராக்சிமா, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் ஏறத்தாழ 13,000 மடங்கு தள்ளி நிற்கிறது. இதுவும் கதையைத் தொடங்கிவைக்கும் பொய்தான். கணக்கில் வரவு வைத்துவிட்டு மேலே போகலாம்.

முடிவு தெரிந்துவிட்டால் த்ரில்லரில் என்ன மிச்சம்?

ஃப்ரெடரிக் ஃபோர்சைத்தின் ‘தி டே ஆஃப் த ஜாக்கல்’ 1971இல் வந்தது. பிரெஞ்சு அதிபர் சார்ல் த கோலைக் கொல்ல ஒரு கூலிக்கொலையாளி 1963இல் தயாராவதுதான் கதை. த கோல் 1970இல் தன் வீட்டில் இயற்கையாக இறந்தார். அதாவது, கொலை நடக்காது என்பது புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதே வாசகருக்குத் தெரியும். இருந்தும் கடைசிப் பக்கம்வரை பிடித்து வைத்திருக்கிறது.

எப்படி? ‘நடக்குமா’ என்பதை விட்டுவிட்டு ‘எவ்வளவு தூரம் நெருங்குவான்’ என்பதில் பதற்றத்தை வைத்ததால். இறந்துபோன குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட் வாங்குவது, துப்பாக்கியைத் தனித்தனிக் குழாய்களாகச் செய்யச் சொல்வது, முலாம்பழத்தில் குறிபார்த்துப் பழகுவது என்று ஒவ்வொரு படியும் வேலையாகக் காட்டப்படுகிறது. எதிர்ப்பக்கம் ஒரு அதிகாரி கோப்பு கோப்பாகப் புரட்டிக்கொண்டு வருகிறார். இரண்டு வேலைகளுக்கும் நடுவே இடைவெளி குறையக் குறைய நமக்கு மூச்சு முட்டுகிறது.

‘டூன்’ (1965) இதையே அறிவியல் புனைகதையில் செய்கிறது. துரோகி யார் என்பதைத் தொடக்க அத்தியாயங்களிலேயே வாசகரிடம் சொல்லிவிடுகிறார்கள். அதன்பின் அந்த ஆள் சாதாரணமாகப் பேசும் ஒவ்வொரு வரியும் கனக்கிறது. கடைசியில் அதிர்ச்சியாகச் சொல்லியிருந்தால் ஒரே பக்கத்தோடு தீர்ந்திருக்கும்.

ஆக, ‘முன்னாடியே தெரிஞ்சுபோச்சு’ என்பது தன்னளவில் குறை ஆகாது. ஆசிரியர் மறைக்க நினைத்தது தெரிந்துபோனால்தான் குறை.

ட்விஸ்ட் நல்லதா, ஏமாற்றா? எப்படிப் பிரிப்பது?

படித்து முடித்ததும் முதல் முப்பது பக்கத்தை மறுபடி படியுங்கள். இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. நல்ல திருப்பமாக இருந்தால் அந்தப் பக்கங்கள் வேறு அர்த்தத்தில் விளங்கும். சாதாரணமாகத் தாண்டிப்போன வாக்கியம் ஒன்று பல்லிளிக்கும். மோசமான திருப்பமாக இருந்தால் அந்தப் பக்கங்களில் ஒன்றும் மாறாது, அல்லது அவை நேரடியாகப் பொய் சொல்லியிருக்கும்.

அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ 1926இல் வந்தபோது, இது நியாயமான ஆட்டமா என்று பெரிய வாக்குவாதம் கிளம்பியது. திரும்பப் படித்தால், ஆசிரியர் பொய் சொல்லவில்லை, சொல்லாமல் தாண்டியிருக்கிறார் என்பது புரியும். தாண்டிய இடங்களில் தடம் இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற எழுத்தாளர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே பேச்சில் வந்திருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பவை அவற்றில் இன்றும் உயிரோடு இருப்பவை. மற்றவற்றை வரலாறாகப் படித்துக்கொள்ளலாம்.

இப்போதைய உளவியல் த்ரில்லர்களில் அடிக்கடி வரும் ஏமாற்று ஒன்று உண்டு. ‘நான்’ என்று சொல்லும் பாத்திரத்தின் மனத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம்; அந்தப் பாத்திரத்துக்கு நன்றாகத் தெரிந்த, அந்த நேரத்தில் நினைக்காமல் இருக்கவே முடியாத விஷயம் 300 பக்கத்துக்கு மனத்தில் எட்டிப்பார்ப்பதில்லை. அது நாட்குறிப்பாகவோ கடிதமாகவோ வாக்குமூலமாகவோ இருந்தால் மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது: யாரோ படிக்கப்போகிறார்கள். வெறும் மன ஓட்டமாக இருந்தால் காரணமே இல்லை. கருத்து எழுதும்போது இந்த வேறுபாட்டைக் குறிப்பிட்டாலே போதும், ட்விஸ்ட் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

கொலையாளி யாரென்று பாதியிலேயே யூகித்துவிட்டேன். நாவல் தோல்விதானே?

எதை வைத்து யூகித்தீர்கள்? தடயத்தை வைத்து என்றால் நாவல் உங்களை மதித்திருக்கிறது. ‘இவ்வளவு நல்லவராக ஒருத்தர் இருக்கிறாரே, வேலையே இல்லாமல் வந்துபோகிறாரே, அப்போ இவர்தான்’ என்று யூகித்திருந்தால் நாவல் தோற்றுவிட்டது.

நடுவில் ஜவ்வாக இழுக்கிறது. ஏன் இத்தனை நாவல்களில் இப்படி?

த்ரில்லரின் தொடக்கமும் முடிவும் ஆசிரியர் மனத்தில் முதலில் உதித்தவை, நடுப்பகுதி பிறகு நிரப்பியது. எங்கே நிரப்பல் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: தொய்வாகத் தோன்றும் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் அடுத்த அத்தியாயத்தில் யாருக்காவது ஏதாவது தெரியாமல் போகுமா? போகாது என்றால் அது வெறும் ஓட்டம். துரத்தல், தப்பித்தல், மறுபடி துரத்தல் என்று மூன்று முறை வந்தும் யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றால் இரண்டு முறை அதிகம்.

இன்னொரு காரணம் பிறப்பு. பல புகழ்பெற்ற நாவல்கள் தொடர்கதையாகப் பிறந்தவை. ‘டூன்’ 1963 முதல் 1965 வரை ‘அனலாக்’ இதழில் தொடராக வந்தது. ‘மூன்று உடல் சிக்கல்’ 2006இல் சீன இதழில் தொடராக வந்தது. ‘தி மார்ஷியன்’ இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வந்து, 2011இல் மின்னூலாகி, 2014இல் பதிப்பகத்தின் அச்சுப் புத்தகமானது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் வாரத்தொடர். வாரப் பத்திரிகையில் வளர்ந்த நம் வாசகருக்கு ‘தொடரும்’ என்ற சொல்லின் வேலை நன்றாகவே தெரியும். ஒவ்வொரு தவணையும் ஒரு கொக்கியில் முடிய வேண்டும், அடுத்தது ஒரு நினைவூட்டலோடு தொடங்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றாகப் படித்தால் இனிக்கும் அமைப்பு, ஒரே மூச்சில் முப்பது அத்தியாயம் படிக்கும்போது சலிக்கிறது. இத்தகைய நாவல்களை ஒரு அமர்வில் மூன்று, நாலு அத்தியாயத்தோடு நிறுத்திப் படித்துப் பாருங்கள். ‘இழுக்கிறது’ என்ற புகாரில் பாதி காணாமல் போகும்.

இரண்டும் கலந்த நாவல்களில் எது நன்றாக வருகிறது?

அறிவியல் பிரச்சினையை உண்டாக்கி, மனிதத் தவறு அதைப் பெரிதாக்கும் நாவல்கள்.

மைக்கேல் கிரைட்டனின் ‘ஜுராசிக் பார்க்’ (1990) இதற்குப் பாடநூல். டைனோசரை மறுபடி உருவாக்கத் தேவையான டி.என்.ஏ. கிடைக்காது என்பது இன்று உறுதி. மோவா என்ற அழிந்த பறவையின் எலும்புகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, டி.என்.ஏ.வின் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 521 ஆண்டு என்று கணித்தது. டைனோசர்கள் போய் 6 கோடியே 60 லட்சம் ஆண்டு ஆகிறது. ஆனால் நாவலின் நிஜமான பயம் டி.என்.ஏ.வில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. பூங்காவின் கணினி விலங்குகளை எண்ணும்போது, இருக்கவேண்டிய 238ஐத் தேடுகிறது. 238 கிடைத்ததும் ‘எல்லாம் சரி’ என்று நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை இருந்தாலும் அதன் கண்ணில் படாது. குறைவதைக் கண்டுபிடிக்கச் செய்த நிரலை, கூடுவதைக் கவனிக்கும் என்று நம்பிவிட்டார்கள். டைனோசரை மறந்தாலும் இந்த இடம் மறக்காது. திரைப்படத்தில் இந்தக் காட்சி இல்லை. படம் பார்த்தவரும் நாவலைப் படிக்க இது ஒன்றே போதும்.

தமிழில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ கலவைக்கு நல்ல உதாரணம். பேயா, அறிவியலா என்ற கேள்வியைத் துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷ், வசந்த் இருவர் வாயிலும் மாற்றி மாற்றிப் போட்டு, வாசகரை எந்தப் பக்கமும் முழுதாகச் சாயவிடாமல் கொண்டுபோகிறார்.

கலவை கெடும் இடம் ஒன்றே ஒன்று. கதாநாயகன் மூலையில் மாட்டியதும், அதுவரை பேச்சிலேயே வராத கருவி ஒன்று பையிலிருந்து வெளியே வரும். அந்தக் கருவி குறைந்தது ஒருமுறையாவது முன்பு வந்திருக்க வேண்டும், முடிந்தால் வேறொரு வேலைக்காக.

பழைய நாவல்களின் தொழில்நுட்பம் சிரிப்பு வரவழைக்கிறதே?

கருவி பழசாகும், அதனால் வந்த நெருக்கடி பழசாவதில்லை. ‘என் இனிய இயந்திரா’ 1980களில் எழுதப்பட்டு 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக வருவது. அந்தத் தேதியையே தாண்டிவிட்டோம். கணிப்புகளில் எத்தனை பலித்தது என்று எண்ணுவது விளையாட்டுக்குச் சரி. புத்தகம் படித்து, யோசித்து, எதிர்க்கேள்வி கேட்கும் இயந்திரநாய் ஜீனோவும், எல்லோரையும் கவனித்துக்கொண்டே இருக்கும் ஆட்சியும் இன்றைய வாசகரை இன்னும் கூர்மையாகவே குத்துகின்றன. மதிப்பிட அதுதான் அளவு. கைப்பேசிக்கு முந்தைய த்ரில்லர்களைப் படிக்கும்போது வெளியான ஆண்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், பாதிச் சிரிப்பு அடங்கிவிடும்.

ஒலிநூலாகக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் கேட்டது என்று குறிப்பிடுங்கள். குரல்கொடுப்பவர் பல பலவீனங்களை மூடிவிடுவார். சில நூல்களுக்கு ஒலி வடிவமே மேல்: ‘ப்ராஜெக்ட் ஹெயில் மேரி’யில் ஒரு பாத்திரத்தின் பேச்சு இசையொலியாக வருவது அச்சில் வெறும் குறியீடு, காதில் நிஜம். தேதியும் இடமும் தலைப்பில் வரும் த்ரில்லர்களை மட்டும் கேட்காதீர்கள். காதில் விழுந்த தேதி நிற்காது, பின்னால் புரட்டிப் பார்க்கவும் முடியாது.

படிக்கும்போதே குறிப்பு எடுத்தால் சுவை போய்விடாதா?

அதிகம் எடுத்தால் போகும். ஒரே ஒரு தாள், நாலே நிறுத்தம். 400 பக்க நாவல் என்றால் 40, 100, 200, 300ஆம் பக்கங்களை ஒட்டி வரும் அத்தியாய முடிவுகளில் தலா இரண்டு வரி.

40இல்: என்ன மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது என்ன ஆபத்து? இது இன்னும் தெரியவில்லை என்றால் அதையே எழுதுங்கள். 100இல்: யார்மேல் சந்தேகம், எதனால்? 200இல்: முதலில் இருந்த கேள்வி மாறியதா? நல்ல நாவல்களில் பெரும்பாலும் இங்கே மாறியிருக்கும். 300இல்: இன்னும் தீராத முடிச்சுகள் எவை? முடித்தபின் இந்தக் கடைசிப் பட்டியலோடு ஒப்பிட்டால், ஆசிரியர் எதை மறந்தார் என்பது தானாகத் தெரியும். ‘ஏதோ குறையுது’ என்ற மங்கலான உணர்வுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த மறந்த முடிச்சுதான்.

மின்னூலில் சதவீதத்தை நம்பாதீர்கள். பின்னிணைப்பு, நன்றியுரை, அடுத்த நாவலின் மாதிரி அத்தியாயம் எல்லாம் அதில் சேரும். 92 சதவீதத்திலேயே கதை முடிந்து, ‘சப்பென்று நின்றுவிட்டது’ என்று தோன்ற இதுவும் ஒரு காரணம். தொடங்கும்போதே பொருளடக்கத்தில் கடைசி அத்தியாயம் எங்கே முடிகிறது என்று பார்த்து வையுங்கள்.

ஸ்பாய்லர் இல்லாமல், அதாவது கதையை உடைக்காமல், எழுதுவது எப்படி?

முதல் கால்பகுதியில் நடப்பதைத் தயங்காமல் சொல்லலாம். அதற்குப் பின் நடப்பதைச் சம்பவமாகச் சொல்லாமல் தன்மையாகச் சொல்லுங்கள்: ‘நடுவில் கதைசொல்லல் மாறுகிறது’, ‘விசாரணை நடைமுறை பலவீனம்’, ‘கடைசி 40 பக்கம் அவசரம்’ என்பதுபோல்.

பலர் கவனிக்காத ஸ்பாய்லர் ஒன்று உண்டு. ‘யாருமே எதிர்பார்க்காத ட்விஸ்ட்’ என்று எழுதுவது. படிப்பவர் முதல் பக்கத்திலிருந்தே எல்லோரையும் சந்தேகப்படத் தொடங்கிவிடுவார். அதைவிட மோசம், ‘அந்த நாவல் மாதிரியே இருக்கு’ என்று வேறொரு நாவலோடு ஒப்பிடுவது. அந்த நாவலைப் படித்தவருக்கு முடிவு கையில் கிடைத்தமாதிரி. பின்னட்டை வாசகத்தையும் நம்பி நகலெடுக்காதீர்கள். சில பதிப்புகளில் பின்னட்டையே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

நட்சத்திர மதிப்பெண் எப்படிப் போடுவது?

முடித்த உடனே போடாதீர்கள். த்ரில்லரின் மதிப்பு முதல் இரவு உச்சத்தில் இருக்கும், இரண்டு மூன்று நாளில் இறங்கும். யோசனை கனத்த அறிவியல் புனைகதை பெரும்பாலும் நேர்மாறு. முடித்தபோது எரிச்சலாக இருந்தது, வாரக்கடைசியில் மனத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மூன்று நாள் கழித்து எது நினைவில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். மதிப்பெண்ணுக்குக் கீழே ஒரு வரி காரணம் இல்லாவிட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

எத்தனை பக்கத்தில் கைவிடலாம்?

த்ரில்லர் என்றால் 50. அறிவியல் புனைகதைக்கு 100 கொடுங்கள், அதன் உலகத்தின் சொற்கள் பழகவே அவ்வளவு பிடிக்கும். கைவிட்ட நூலுக்கு மதிப்பெண் போடவேண்டாம். எந்தப் பக்கத்தில், எதனால் நிறுத்தினீர்கள் என்று எழுதினால் அதுவே உருப்படியான கருத்து.

தொடர் வரிசைகளை முதலிலிருந்துதான் படிக்கவேண்டுமா?

ஒரே துப்பறிபவர் வரும் தனித்தனிக் கதைகள் என்றால் எங்கிருந்தும் தொடங்கலாம். கணேஷ்-வசந்த் கதைகளை எந்த வரிசையிலும் படிக்கலாம். ‘நைலான் கயிறு’ போன்ற தொடக்கக் கதையில் கணேஷ் மட்டுமே வருவார், வசந்தைத் தேடவேண்டாம். ஒரே கதை பல பாகமாக ஓடும் அறிவியல் புனைகதையில் வரிசை மாறினால் எல்லாம் போச்சு.

இதுவரை இந்த வகையே படித்ததில்லை. எதில் தொடங்குவது?

மர்மக்கதை பழக்கம் இருந்தால் ‘கொலையுதிர் காலம்’. அங்கிருந்து அறிவியல் பக்கம் கால்வைக்க எளிது. கணக்கும் கைவேலையும் பிடிக்கும் என்றால் ‘தி மார்ஷியன்’. செயல்முறை விவரம் பிடிக்கும், விண்வெளி வேண்டாம் என்றால் ‘ஜாக்கல்’. சிலந்திகள் ஒரு நாகரிகமாக வளர்வதைப் பொறுமையாகப் பார்க்கத் தயார் என்றால் ஏட்ரியன் சைகோவ்ஸ்கியின் ‘சில்ட்ரன் ஆஃப் டைம்’ (2015); சிலந்தியைக் கண்டால் அலறுபவர்கள் தள்ளி நிற்கலாம். ‘டூன்’ முதல் நூலாக வேண்டாம். எடுத்தே தீருவேன் என்றால் கடைசியில் இருக்கும் சொற்பட்டியலில் ஒரு அடையாளத்தாள் செருகி வைத்துக்கொண்டு தொடங்குங்கள், முதல் நூறு பக்கத்துக்கு அடிக்கடி அங்கே போய்வர வேண்டியிருக்கும்.